பதவி உயர்வும் தியானமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 38. நல்ல வேலை, விரைவில் பதவி உயர்வும் வரவிருக்கிறது. ஆனால் கொஞ்ச காலமாகத் தியானத்தில்தான் மனம் நிற்கிறது. அலுவலகம் முழுக்க மாயையாகத் தெரிகிறது. பதவியை வேண்டாமென்று சொல்லிவிடலாமா? மனைவி இதற்குத் தடையாக இருக்கிறார். அதிகாலையில் எழுவதும் உணவுக் கட்டுப்பாடும் அவசியமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை விட்டுவிடுங்கள். தூக்கம் தெளிந்ததும் எழுந்திருங்கள், பசித்தால் சாப்பிடுங்கள். மாயையைப் பற்றியும் இப்போது பேச வேண்டாம். சம்பளத் தேதியில் யாருக்கும் அது மாயையாகத் தெரிவதில்லை.

உங்கள் தவிப்பு உண்மையானது. ஓடி ஓடிச் சேர்த்தபின் உள்ளே வெறுமையாக இருக்கிறதே என்று திகைப்பவரிடம் கேலி பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ‘ஆன்மிகம்’ என்று யாராவது தொடங்கினாலே எனக்கு ஒருவர் நினைவுக்கு வந்துவிடுகிறார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்து மேஜைக்காரர். வந்ததும் கண்ணை மூடி ஜபத்தில் உட்கார்ந்துவிடுவார். எதிரே ஓய்வூதியத் தாள்களோடு வயதானவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்கள். அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கும். ‘பொறுங்கள்’ என்று ஒரு கை மட்டும் உயரும். எழும்போது முகத்தில் அப்படியொரு களை! அவர் இழுப்பறையில் தேங்கிய கோப்புகளை நாங்கள்தான் இரவு வரை இருந்து முடித்தோம். அவருடைய மன அமைதிக்கு நாங்கள் சம்பளமில்லாமல் ஓவர்டைம் பார்த்தோம். இன்று நினைத்தாலும் எரிச்சல்தான்.

டச்சுத் தத்துவஞானி ஸ்பினோசாவை 1673இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்தது. சிந்திக்கும் சுதந்திரம் போய்விடும் என்று மறுத்துவிட்டார். இந்த இடத்தில் எல்லோரும் கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த மனிதர் கண்ணாடி வில்லைகளை, அதாவது லென்ஸுகளை, தேய்த்துத் தந்தவர். அவற்றின் நேர்த்தியை ஹைகன்ஸ் போன்ற விஞ்ஞானியே புகழ்ந்திருக்கிறார். நண்பர் குடும்பம் ஆண்டுக்கு 500 கில்டர் தர முன்வந்தபோது, 300 போதும் என்று குறைத்துக்கொண்டார். பதவியை உதறினார், சரி. வில்லையில் கீறல் விட்டாரா? கபீரும் தறியை விட்டு எழுந்து போய்விடவில்லை. பாட்டும் நெசவும் சேர்ந்தே நடந்தன.

பதவியை நீங்கள் தாராளமாக மறுக்கலாம். எனக்கு அதில் ஆட்சேபணையே இல்லை, ஒருவகையில் சந்தோஷம்தான். ஆனால் நீங்கள் கண்மூடி உட்காரும் நேரத்தில் உங்கள் வேலையை யார் செய்கிறார்கள்? வீட்டில் குழந்தையை யார் கிளப்புகிறார்கள்? கடன் இருந்தால் தவணை யார் தலையில் விழும்? கடிதத்தில் இதில் ஒன்றுக்கும் பதில் இல்லை. மனைவி ஒரே வரியில் வருகிறார், அதுவும் தடையாக. அவர் என்ன சொன்னார் என்றுகூட நீங்கள் எழுதவில்லையே ஐயா! தியானத்தில் மூச்சைக் கவனிக்கிறவருக்கு எதிரே இருப்பவர் பேச்சு காதில் விழ வேண்டாமா?

பதவியைப் பற்றி முடிவெடுக்கும் முன் அவரோடு ஒரு மாலை உட்கார்ந்து வரவு செலவைப் பேசுங்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதி அனுப்புங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.