தண்ணீர் வேக்கம் கிளீனர்: தொட்டியில் எதை ஊற்றலாம், எதை ஊற்றக் கூடாது?

தூசியைப் பையில் பிடிக்காமல் தொட்டித் தண்ணீரில் பிடிக்கும் வேக்கம் கிளீனர்களைப் பல ஆண்டுகளாகப் பழுதுபார்த்து வருகிறேன். ரெயின்போ, கேர்ஷர் போன்ற பெயர்களில் விற்கப்படும் இவ்வகை இயந்திரங்களை வைத்திருப்போர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியுள்ளேன். தண்ணீரையும் உறிஞ்சக்கூடிய சாதாரண ஈர உலர் வேக்கம் கிளீனர் வேறு வகையைச் சேர்ந்தது. அதற்கு இந்தப் பதில்கள் முழுமையாகப் பொருந்தா.

கேள்வி (திருச்சியிலிருந்து ஓர் இல்லத்தரசி): இயந்திரத்தோடு கொடுத்த வாசனைத் திரவம் தீர்ந்துவிட்டது, ஐயா. அதற்குப் பதிலாக ஊட்டியில் வாங்கிய நீலகிரித் தைலத்தைச் சில சொட்டுகள் விடலாமா? கற்பூரம் போட்டால் நல்லது என்று என் நாத்தனார் சொல்கிறார்.

பதில்: இரண்டும் வேண்டாம், அம்மா. தைலம் தண்ணீரில் கரையாது. மேலே படலமாக மிதந்து, காற்றோடு சேர்ந்து ஆவியாகவும் நுண்துளியாகவும் மேலேறி, வழியில் உள்ள ரப்பர் வளையங்களிலும் பிளாஸ்டிக் பாகங்களிலும் கடைசி ஃபில்டரிலும் படியும். இத்தகைய தைலங்கள் ரப்பரை உப்பச் செய்வதோடு, சிலவகைப் பிளாஸ்டிக்குகளில் மயிரிழை போன்ற விரிசல்களையும் உண்டாக்கும். தொட்டியின் வாய்ப்பகுதியில் அப்படி விரிசல் விழுந்தால், அதன்பின் காற்று தண்ணீருக்குள் போகாமல் விரிசல் வழியே புகுந்து, இழுவை குறையும். வாசனை வேண்டுமென்றால் இவ்வகை இயந்திரங்களுக்கென்றே விற்கப்படும், தண்ணீரில் கலக்கும் திரவத்தைக் கையேடு சொல்லும் அளவில் மட்டும் விடுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அதுவும் வேண்டாம். எந்த வாசனைத் திரவமும் அவர்களுக்கு மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும்.

கற்பூரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது எளிதில் தீப்பற்றும் பொருள். சிறு குழந்தை தவறி விழுங்கினால் வலிப்பு வரக்கூடும். அந்துருண்டையும் தொட்டிக்குள் போகக் கூடாது. அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடுள்ள கைக்குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். அதன் ஆவியை வீடெங்கும் ஊதிவிடும் வேலையை ஓர் இயந்திரத்திடம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி (அம்பத்தூரிலிருந்து): கிருமி சாகட்டும் என்று ஒரு மூடி டெட்டால் ஊற்றினேன். சில நிமிடங்களில் பின்பக்கக் காற்றுவாயிலிருந்து வெண்நுரை வந்தது. உடனே நிறுத்திவிட்டேன். இயந்திரம் கெட்டுவிட்டதா?

பதில்: உடனே நிறுத்தியதால் பெரும்பாலும் தப்பியிருக்கும். என்ன நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இவ்வகை இயந்திரங்களில் மோட்டார் கெடுவதற்கு முதற்காரணம் இதுதான்.

தூசிக்காற்று தண்ணீருக்குள் பாய்ந்து குமிழிகளாகக் கிளம்புகிறது. ரெயின்போ போன்ற இயந்திரங்களில் மோட்டார் தண்டின் கீழ்முனையில், தண்ணீருக்குச் சற்று மேலே, செங்குத்தான கீற்றுகள் கொண்ட கிண்ணம் ஒன்று மிக வேகமாகச் சுழல்கிறது. இதை செப்பரேட்டர் என்கிறோம். மேலேறும் காற்றில் ஒட்டிவரும் நீர்த்துளிகளையும் தூசியையும் அது வெளிப்புறமாக வீசியெறிந்து, காற்றை மட்டும் மேலே விடுகிறது. துளி கனமானது என்பதால்தான் இது நடக்கிறது. நுரையோ பெரும்பகுதி காற்றுதான். மிக மெல்லிய நீர்ச்சுவர்கள் அந்தக் காற்றைச் சூழ்ந்திருக்கின்றன, அவ்வளவே. அத்தனை இலேசான பொருளைச் செப்பரேட்டரால் முழுமையாக வீசியெறிய இயலாது. நுரை கீற்றுகளுக்குள் நுழைந்து, மோட்டாருக்கும் பேரிங்குக்கும் ஈரத்தைக் கொண்டு சேர்த்துவிடும்.

டெட்டாலில் கிருமிகொல்லியோடு ஆமணக்கெண்ணெய்ச் சோப்பும் இருக்கிறது. தண்ணீரில் விட்டதும் வெண்மையாகக் கலங்குகிற பினாயிலும் இப்படித்தான். சோப்பு உள்ள எதுவும் இந்தத் தொட்டிக்கு எதிரி. கிருமியைக் கொல்ல வேண்டிய தேவையும் இங்கே இல்லை. தொட்டியில் சேர்ந்ததை அடுத்த கால் மணி நேரத்தில் கொட்டிவிடப் போகிறீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தொட்டியைக் கழற்றிப் பலமுறை அலசி, செப்பரேட்டரையும் கழற்றிக் கழுவி, இயந்திரத்தைத் திறந்தபடியே முழுதாக 2 நாட்கள் காயவிடுங்கள். பிறகு இயக்கும்போது கருகிய வாடையோ, மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் பக்கம் பெரிய தீப்பொறியோ, கரகரப்புச் சத்தமோ இருந்தால் நிறுத்திவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர்): வெறும் தண்ணீர் மட்டுமே ஊற்றுகிறேன். ஆனாலும் வரவேற்பறைக் கம்பளத்தைச் சுத்தம் செய்யும்போது நுரை பொங்குகிறது. இது ஏன்?

பதில்: கம்பளத்தை எப்போதாவது ஷாம்பு போட்டுக் கழுவியிருப்பீர்கள். அலசியபின்னும் இழைகளின் அடியில் தங்கிய சோப்பு உலர்ந்து பொடியாகிக் கிடக்கிறது. இயந்திரம் அதையும் சேர்த்து இழுத்துத் தண்ணீரில் கரைக்கிறது. சரியாக அலசாத மெத்தை உறை, தரையில் சிந்திய சலவைத்தூள் ஆகியவையும் இதையே செய்யும்.

தொட்டியில் சேர்க்கத் தகுந்தது என்று நான் மனமார ஒப்புக்கொள்ளும் ஒரே பொருளுக்கு இங்கேதான் வேலை: நுரை அடக்கும் திரவம். கேர்ஷர் நிறுவனம் இதை ஃபோம்ஸ்டாப் என்ற பெயரில் விற்கிறது. வேறு நிறுவனங்களின் திரவங்களும் கிடைக்கின்றன. இவற்றில் பலவும் சிலிக்கோன் எண்ணெயை அடிப்படையாகக் கொண்டவை. அந்த எண்ணெய் குமிழியின் சுவரில் பரவி, அதை அந்த இடத்தில் மெலியச் செய்து உடைத்துவிடும். நுரை பொங்கியபின் ஊற்றுவதைவிட, கம்பளத்தைத் தொடங்குமுன்பே தண்ணீரில் கலந்துவிடுவது நல்லது. அளவு புட்டியின் மேல் குறித்திருக்கும். அதற்கு மேல் ஊற்றினால் பலன் கூடாது, பிசுபிசுப்புதான் கூடும். ஒரே கம்பளத்துக்கு இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றுங்கள். சில வாரங்களில் பழைய சோப்பு தீர்ந்து, திரவமே தேவைப்படாத நிலை வரும்.

கேள்வி (அதே ஆசிரியர்): நுரையடக்கத் துணி மென்மையாக்கும் திரவத்தையோ ஒரு கைப்பிடி உப்பையோ போடலாம் என்கிறார்களே?

பதில்: துணித் திரவம் சிறிது நுரையைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் தொட்டியின் உட்சுவரிலும் செப்பரேட்டர் கீற்றுகளிலும் வழவழப்பான படலத்தை விட்டுச்செல்லும். அதில் அடுத்த நாள் தூசி பசைபோல் ஒட்டும். உப்பு இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி (கடலூரிலிருந்து): எவ்வளவு வாசனை சேர்த்தாலும், இயந்திரத்தைப் போட்டதும் சாக்கடை வாடை வருகிறது. பிளீச்சிங் பவுடரும் வினிகரும் சேர்த்து ஊறவைத்தால் போகுமா?

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிளீச்சிங் பவுடரோடு வினிகரோ வேறு எந்த அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் பொசுக்கும்.

உங்கள் வாடைக்குக் காரணம், வேலை முடிந்ததும் தண்ணீரை அப்படியே விட்டுவைப்பது. தோல்செதில், தலைமுடி, உணவுத்துகள், மண் ஆகிய எல்லாம் ஊறிய தண்ணீர் நம் ஊர் வெப்பத்தில் ஓர் இரவு கிடந்தாலே போதும், பாக்டீரியா பெருகி நாறத் தொடங்கும். மறுநாள் அந்தத் தண்ணீரோடு இயந்திரத்தைப் போடுகிறவர் வீட்டைச் சுத்தம் செய்யவில்லை, அந்த வாடையை அறைக்கு அறை கொண்டு போகிறார். வாசனைத் திரவம் இதைச் சரிசெய்வதில்லை, மறைக்கத்தான் செய்கிறது.

என் வீட்டில் நான் செய்வதைச் சொல்கிறேன். வேலை முடிந்ததும் ஹோஸின் முனையைத் தூக்கிப் பிடித்து, ஒரு நிமிடம் வெறுங்காற்றை இழுக்கவிட்டு, குழாயில் தங்கிய தூசியைத் தொட்டிக்கே அனுப்புவேன். பிறகு பிளக்கைப் பிடுங்கி, தொட்டியைக் கழற்றி உடனே கொட்டி, அடியில் படிந்த சேற்றை மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து அலசுவேன். பலரும் மறந்துவிடுகிற இடம் தொட்டியின் விளிம்பில் உள்ள ரப்பர் வளையமும் அது உட்காரும் பள்ளமும்தான். கருப்புப் பூஞ்சை அங்கேதான் முதலில் பிடிக்கும். அதை ஒரு பழைய பல்துலக்கியால் துடைப்பேன். தொட்டியை வெயிலோ காற்றோ படும்படி கவிழ்த்து வைத்து, அடுத்த முறை தேவைப்படும்வரை இயந்திரத்தில் மாட்டாமலே வைத்திருப்பேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணியே காயாது என்பதால், அந்த நாட்களில் உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்து மின்விசிறியின் கீழ் வைப்பது அவசியம்.

ஹோஸுக்குள்ளிருந்து வாடை வந்தால், அதற்குள் மின்கம்பி போகிறதா என்று முதலில் பாருங்கள். சுழலும் பிரஷ்ஷுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஹோஸில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடக் கூடாது. கம்பி இல்லாத வெறுங்குழாய் என்றால் தண்ணீர் விட்டு அலசி, தொங்கவிட்டு முழுதாகக் காயவைக்கலாம்.

கேள்வி (தாம்பரத்திலிருந்து): போர் தண்ணீர் ஊற்றலாமா? தொட்டியில் வெள்ளையாகப் படிகிறது.

பதில்: ஊற்றலாம். அந்த வெள்ளை சுண்ணாம்புப் படிவம். கழற்றிய தொட்டியில் மட்டும் வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து அலசினால் போய்விடும். அந்தக் கலவையோடு இயந்திரத்தை இயக்காதீர்கள், கம்பிநாரால் தேய்க்காதீர்கள்.

கேள்வி (தேனியிலிருந்து): இலவம்பஞ்சு மெத்தையைச் சுத்தம் செய்ததும் இயந்திரம் அதிரத் தொடங்கிவிட்டது. மெத்தைக்கும் அதிர்வுக்கும் என்ன தொடர்பு?

பதில்: நேரடித் தொடர்பு இருக்கிறது. இலவம்பஞ்சின் இழைமேல் மெழுகுப்பூச்சு போன்ற ஒரு படலம் இயற்கையிலேயே உண்டு. அதனால் அது தண்ணீரில் நனையாமல் மிதக்கும். ஒரு காலத்தில் கடலில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளுக்குள் இதையே அடைத்தார்கள். தையல் பிரிந்த இடத்திலிருந்து இழுபட்ட பஞ்சு தொட்டியில் அமிழாமல் மேலே மிதந்து, செப்பரேட்டர் கீற்றுகளில் ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும். அந்த வேகத்தில் சுழலும் கிண்ணத்தில் ஒரு பக்கம் சிறிதளவு எடை கூடினாலே இயந்திரம் முழுதும் அதிரும். இப்படியே ஓட்டினால் பேரிங் தேய்ந்து, பெரிய செலவில் போய் முடியும்.

பிளக்கைப் பிடுங்கியபின், இயந்திரத்தோடு வந்த சாவியால் செப்பரேட்டரைக் கழற்றி, ஒவ்வொரு கீற்றாகச் சுத்தம் செய்து மாட்டுங்கள். வாரந்தோறும் பயன்படுத்துகிறவர்கள் மாதம் ஒருமுறையாவது இதைச் செய்வது நல்லது. முகப்பவுடர், அடுப்புக்கரித்தூள் ஆகியவையும் எளிதில் நனையாதவை என்பதால் அவற்றை அதிகமாக இழுக்காதீர்கள். கோலமாவு சிறிதளவு பரவாயில்லை. அரிசிமாவானால் உடனே கழுவாவிட்டால் பசையாகிப் பிடித்துக்கொள்ளும். வீட்டுவேலை நடந்த இடத்துச் சிமெண்ட் தூளை இழுக்கவே கூடாது. அது தண்ணீரில் இறுகிக் கல்லாகிவிடும்.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு மருந்தாளுநர்): தண்ணீரே எல்லாத் தூசியையும் பிடித்துவிடும் என்றுதானே விற்றார்கள்? பின்பக்கம் ஹெப்பா ஃபில்டர் எதற்கு?

பதில்: குமிழியின் நடுவில் பயணம் செய்யும் மிக நுண்ணிய துகள், குமிழி மேலே வந்து உடையும்வரை நீர்ச்சுவரைத் தொடாமலே வெளியேறிவிடலாம். அதைப் பிடிக்கத்தான் ஹெப்பா. ஐரோப்பியத் தரத்தில் எச்13 வகை 99.95 விழுக்காடும், அமெரிக்க வரையறையில் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காடும் தடுக்க வேண்டும். ஆகவே அதைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். கழுவலாம் என்று கையேட்டில் எழுதியிருந்தால் மட்டும் கழுவுங்கள். கழுவினால் குறைந்தது 24 மணி நேரம் காயவிட்டு மாட்டுங்கள். ஈர ஹெப்பா பூஞ்சைக்கு நாமே விரிக்கும் படுக்கை.

கேள்வி (சேலத்திலிருந்து ஒரு தாய்): என் மகனுக்குத் தூசிப்பூச்சி ஒவ்வாமை. அந்தப் பூச்சியைக் கொல்லும் மருந்து ஏதேனும் தண்ணீரில் சேர்க்கலாமா?

பதில்: தொட்டியில் ஊற்றும் எந்த மருந்தும் மெத்தைக்குள் இருக்கும் பூச்சியைச் சென்றடையாது, அம்மா. போர்வையையும் தலையணை உறையையும் வாரந்தோறும் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். அதில் பூச்சியும் சாகும், ஒவ்வாமைப்பொருளும் கரைந்து போகும். மெத்தையை மெதுவாக, ஒரே இடத்தை இருமுறை இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். அந்த வேலை நடக்கும்போதும் தொட்டியைக் கொட்டும்போதும் மகன் வேறு அறையில் இருக்கட்டும்.

கேள்வி (திண்டுக்கல்லிலிருந்து): சாம்பிராணிச் சாம்பல், ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் சிந்திய பெட்ரோல் இவற்றை இழுக்கலாமா? தண்ணீர்தானே இருக்கிறது?

பதில்: கூடாது. சாம்பலுக்குள் மறைந்திருக்கும் கனல் முதலில் ஹோஸைத்தான் தொடும், தண்ணீரை அல்ல. பெட்ரோல் ஆவியைத் தண்ணீர் தடுக்காது. அது நேராகத் தீப்பொறி பறக்கும் மோட்டாருக்குப் போகும்.

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து): அழுக்குத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றலாமா?

பதில்: வெறும் தண்ணீர் மட்டும் பயன்படுத்தியிருந்தால், பூச்செடிகளுக்கும் மரத்தடிக்கும் தாராளமாக ஊற்றலாம், கீரைப்பாத்திக்கு வேண்டாம். நுரை அடக்கியோ வாசனைத் திரவமோ கலந்திருந்தால் கழிவறையில் ஊற்றிவிடுங்கள். எங்கே ஊற்றினாலும் முதலில் ஒரு பழைய துணியில் வடிகட்டி, முடியையும் நூலையும் குப்பையில் போடுங்கள். சமையலறைத் தொட்டியில் மட்டும் கொட்டாதீர்கள். எண்ணெய்ப்பிசுக்கோடு முடி சேர்ந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும்.