மேய்ச்சல் தரையில் புல் பிடிக்காத களிமண் திட்டுகள்: சோடியம்தான் காரணமா, எப்படி உறுதிசெய்வது, என்ன செய்யலாம்?

கேள்வியில் உள்ள அறிகுறிகள் இவை: மழை குறைந்த பகுதி மேய்ச்சல் நிலம், கனத்த களிமண். மழை பெய்தால் தண்ணீர் நாள்கணக்கில் கலங்கலாகவே தேங்குகிறது. காய்ந்தால் கடப்பாரை இறங்குவதில்லை. நடுநடுவே புல்லே இல்லாத மொட்டைத் திட்டுகள். "உப்புதான் காரணம், நல்ல தண்ணீர் கட்டி அலசினால் சரியாகும்" என்ற யோசனை சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அலசல் மட்டும் போதாது. மண்ணில் கால்சியம் இல்லையென்றால் அலசுவதே கெடுதல்.

உவர் வேறு, களர் வேறு. உவர் மண்ணில் உப்பு மண்நீரில் கரைந்து கிடக்கிறது, அலசினால் இறங்கிவிடும். களர் மண்ணில் சோடியம் களித் துகளின் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கால்சியத்துக்கு இரண்டு மின்னேற்றம். அது தகடு தகடான களித் துகள்களை நெருக்கிப் பிடித்து வைக்கும். சோடியத்துக்கு ஒன்றுதான். ஆகவே பிடிப்பு தளர்ந்து, ஈரம் பட்டதும் துகள்கள் தனித்தனியாகப் பிரிந்து மிதக்கின்றன. அவை நுண்துளைகளில் போய் அடைத்துக்கொள்கின்றன. பிறகு தண்ணீர் கீழே இறங்க வழியில்லை.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மண்நீரில் உப்பு போதிய அளவு இருக்கும்வரை சோடியக் களியும் உதிரியாக, நல்ல மண் போலவே நடந்துகொள்ளும். மழைநீரில் உப்பு அநேகமாக இல்லை. அது உப்பைக் கழுவிய அன்றுதான் சோடியத்தின் சுயரூபம் தெரியும். வெள்ளையாகப் பூத்திருந்தபோது பொலபொலவென்றிருந்த தரை, அலசியபின் சிமெண்ட் தளமாக இறுகுவது இதனால்தான்.

ஆய்வகத்துக்கு அனுப்புமுன் ஒரு கண்ணாடிக் குவளைச் சோதனை செய்யுங்கள். நன்றாகக் காய்ந்த, சுமார் 5 மி.மீ. மண் கட்டிகள் இரண்டு மூன்றை மழைநீரிலோ வாலைவடி நீரிலோ மெல்ல இறக்குங்கள். கலக்கவோ ஆட்டவோ கூடாது. 10 நிமிடம், 2 மணி, 20 மணி கழித்துப் பாருங்கள். கட்டி உடைந்து சிறு துணுக்குகளாகச் சரிந்து, தண்ணீர் தெளிவாக இருந்தால் அது மக்குச் சத்துக் குறைவு, சோடியம் அல்ல. கட்டியைச் சுற்றிப் பால் போன்ற கலங்கல் படர்ந்தால் சோடியம். 10 நிமிடத்திலேயே படர்ந்தால் நிலைமை மோசம்.

இந்தச் சோதனை பொய் சொல்லும் இடங்கள் இரண்டு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் போட்டால் அதிலுள்ள உப்பே கலங்கலைத் தடுத்துவிடும். மண்ணே உவராக இருந்தாலும் அதே கதைதான். அந்த மண்ணை மழைநீரில் சில முறை அலசி, தெளிவை வடித்துவிட்டு மறுபடி பாருங்கள். இன்னொன்றும் செய்யலாம்: மண்ணை ஈரப்படுத்தி நன்றாகப் பிசைந்து சிறு உருண்டையாக்கிப் போடுங்கள். பிசையாத கட்டி கலங்காமல் பிசைந்தது மட்டும் கலங்கினால், மழைக்காலத்தில் மாட்டுக் குளம்பு படுவதுதான் அந்தத் தரையைக் கெடுக்கிறது என்று பொருள்.

அடுத்து 40 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். மேலே சில சென்டிமீட்டர் வெளிறிய மண், அதன்கீழ் திடீரென்று இறுகிய களி, அந்தக் களி தூண் தூணாகப் பிரிந்து, தூண்களின் தலை வட்டமாக, வெளிறிய பூச்சோடு இருந்தால் களர் அடிமண் என்பதில் சந்தேகம் வேண்டாம். வேர்கள் தூணுக்குள் போகாது. இடுக்கு வழியாக நசுங்கிக்கொண்டு இறங்கும். தண்ணீர் தேங்கிய இடத்தில் தோண்டினால் ஒரு சாண் கீழே உலர்ந்த மண் இருப்பதையும் பார்க்கலாம். முதல் மழை வெடிப்புகளில் இறங்கும், களி உப்பி வெடிப்பு மூடும், அதோடு சரி. செடி வாடுவது பெரும்பாலும் இந்த வறட்சியால்தான், நஞ்சால் அல்ல.

மாதிரியை மொட்டைத் திட்டிலும் பக்கத்துப் புல்தரையிலும் தனித்தனியாக எடுங்கள். 0-10, 10-30, 30-60 செ.மீ. ஆழங்களைக் கலக்காதீர்கள். பழைய அமெரிக்க வரையறைப்படி பரிமாற்ற சோடியம் (களித் துகளில் ஒட்டியிருக்கும் கால்சியம், சோடியம் போன்றவற்றில் சோடியத்தின் பங்கு) 15 சதவீதத்துக்கு மேல், நிறைவுச் சாற்றின் (மண்ணைத் தண்ணீரில் குழைத்து வடித்த நீரின்) மின்கடத்துத் திறன் (உப்பின் அளவைக் காட்டுவது) 4 டெசிசீமன்ஸ்/மீட்டருக்குக் கீழ், பி.எச். 8.5-க்கு மேல் என்றால் களர். ஆஸ்திரேலியாவில் 6 சதவீதத்திலேயே களர் என்று கணக்கில் எடுக்கிறார்கள். மழைநீரை மட்டும் நம்பும் கனத்த களிக்கு இந்த இரண்டாவது வரம்புதான் பொருத்தம் என்பது என் கருத்து. ஆய்வகம் ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்து அளந்திருந்தால் அந்த எண்ணை 4-உடன் நேரடியாக ஒப்பிடாதீர்கள்; கனத்த களிமண்ணில் நிறைவுச் சாற்றின் அளவு அதைப்போல் ஏறத்தாழ 6 முதல் 7 மடங்கு வரும். பி.எச். 9-ஐத் தாண்டினால் சோடியம் கார்பனேட் இருக்கிறது; மக்குப் பொருள் கரைந்து மேல்தரை கருத்துப்போவது அதன் அடையாளம்.

இனி ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட்; அதன் கால்சியம் களியிலிருந்து சோடியத்தை விலக்கும். வேலை செய்யும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நேரயனி பரிமாற்றத் திறன் (கால்சியம், சோடியம் போன்றவற்றை மண் மொத்தமாகப் பிடித்துவைக்கும் அளவு) 100 கிராம் மண்ணுக்கு 30 மில்லிஈக்விவலன்ட், அதில் சோடியம் 20 சதவீதம் என்று வைப்போம். அதை 5-க்குக் கொண்டுவர 4.5 அலகு சோடியத்தை வெளியேற்ற வேண்டும். ஓர் அலகுக்கு ஒரு கிலோ மண்ணில் 0.86 கிராம் ஜிப்சம். மேல் 10 செ.மீ. மண், பருமன் அடர்த்தி 1.4 என்றால் ஹெக்டேருக்கு 1,400 டன் மண், தேவை 5.4 டன் தூய ஜிப்சம். 80 சதவீதத் தூய்மையில் 6.8 டன்.

விலையைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். ஒரு லிட்டரில் ஜிப்சம் சுமார் 2.5 கிராம்தான் கரையும். 5.4 டன் கரைய 216 மி.மீ. நீர் மண்ணுக்குள் இறங்க வேண்டும், பெய்தால் மட்டும் போதாது. மண் கால்சியத்தை உடனுக்குடன் எடுத்துக்கொள்வதால் நடைமுறையில் கொஞ்சம் குறைவாகவே போதும். ஆனாலும் ஆண்டுக்கு 300, 400 மி.மீ. பெய்து அதில் பெரும்பகுதி ஓடிவிடும் தரையில் இது ஒரே பருவத்தில் நடக்காது. வெளியேறிய சோடியம் வேருக்குக் கீழே போகவும் நீர் வேண்டும். மேய்ச்சல் நிலம் முழுக்க ஜிப்சம் தூவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மொட்டைத் திட்டு, ஓடை அரிப்பின் தலைப்பகுதி, குட்டைக் கரை என்று இடம் பார்த்துப் போடுங்கள்.

சுண்ணாம்புக்கல் தூள் வீண், இந்த பி.எச்.-இல் அது கரைவதில்லை. கந்தகம், மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் மட்டும் (நீர்த்த அமிலம் விட்டால் நுரைக்கும்), அதுவும் ஈரம் இருக்கும் மாதங்களில் மட்டும், மெதுவாக வேலை செய்யும். ஆழ உழவு இன்னும் ஆபத்து: கால்சியம் இல்லாமல் உழுதால் அடுத்த மழையிலேயே மண் பழையபடி மூடிக்கொள்ளும், அடியில் இருக்கும் அதிக சோடிய மண் மேலே வந்துவிடும்.

செலவு குறைந்த வழி, தண்ணீரை அந்தத் திட்டிலேயே நிறுத்துவது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் நிங்கன் பகுதியில், மேல்மண் போன மொட்டைத் தரைகளில் குதிரை லாட வடிவில் தாழ்ந்த கரைகள் போட்டு சுமார் 10 செ.மீ. ஆழத்துக்கு மழைநீரைத் தேக்கினார்கள். தேங்கிய நீர் மேலடுக்கு உப்பை மெல்லக் கீழே தள்ளுகிறது, களி உப்பிக் காயும்போது வெடிக்கிறது, வெடிப்பில் விதை சிக்குகிறது. அலசாதே என்று மேலே சொன்னதற்கு இது முரண் அல்ல. உப்பிச் சுருங்கும் களியாக இருக்க வேண்டும், மண்ணிலேயே இயற்கை ஜிப்சம் கொஞ்சம் இருந்தால் நல்லது, தரை கிட்டத்தட்டச் சமதளமாக இருக்க வேண்டும். சரிவில் செய்தால் கரை உடைந்து புதிய ஓடைதான் மிஞ்சும்.

அதுவும் முடியாவிட்டால் முள்கிளைகளை வெட்டித் திட்டின்மேல் பரப்புங்கள். மழைத்துளி நேரடியாக அடிக்காததால் பொருக்கு குறையும், விதையும் சருகும் தங்கும், ஆடுமாடும் மிதிக்காது. தரை ஈரமாக இருக்கும் நாட்களில் மந்தையை விலக்குவது இதைவிட முக்கியம். விதைக்க அருகு, ரோட்ஸ் புல், கல்லார் புல் தாங்கும். கல்லார் புல்லுக்கு ஈரம் வேண்டும். உப்புப் புதர் வகைகளும் நன்றாக வரும், ஆனால் இலையில் உப்பு மிகுதி. அதை மட்டுமே மேயவிடாமல் வேறு தீவனமும், தடையின்றி நல்ல குடிநீரும் கொடுங்கள்.

இந்த மண்ணில் குட்டை வெட்டும் எண்ணம் இருந்தால் கரைக்கு எடுக்கும் மண்ணைக் குவளையில் போட்டுப் பார்க்காமல் தொடங்காதீர்கள். கலங்கும் களியால் கட்டிய கரையில் எலிவளை அளவு கசிவு போதும். உள்ளிருந்தே குடைந்து, முதல் நிரம்பலிலேயே உடையலாம். வேறு மண் கிடைக்காவிட்டால் ஜிப்சத்தைக் கரை மண்ணோடு கலந்து, புட்டு ஈரத்தில், 15 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு உருளையால் இறுக்குங்கள். உலர்ந்த கட்டிகளைக் குவித்துத் தட்டிவிட்டால் கட்டிகளுக்கு இடையிலுள்ள சந்துதான் நீரின் வழி. கரை வழியாகக் குழாய் பதிப்பதைத் தவிருங்கள், குழாயை ஒட்டித்தான் குடைவு தொடங்கும்.