ஜன்னல் வெயில் ஆமைக்கு ஆகாது

கேள்வி: சார், ரெண்டு வருஷம் முன்னாடி பையன் பிறந்தநாளுக்கு பத்து ரூபா காயின் சைஸ்ல ஒரு குட்டி ஆமை வாங்கினோம், காதுக்கிட்ட சிவப்பு கோடு இருக்கும். கடைக்காரர் இவ்ளோதான் வளரும், காஞ்ச எறா போட்டா போதும்னார். இப்ப உள்ளங்கை சைஸ் வந்துருச்சு, ஓடு அமுக்கினா அமுங்குது, கண்ணு வீங்கி மூடிக்கிச்சு, நாலு நாளா சாப்பிடல. தொட்டி ஜன்னலோரம்தான், வெயில் நல்லா விழுது. மாமியார் கோயில் குளத்துல விட்டுடலாம்ங்கறாங்க.
- வாசகி, சேலம்

பதில்: மொதல்ல குளத்த மறந்துருங்கம்மா. இது ரெட் இயர்டு ஸ்லைடர், அமெரிக்காவுல மிசிசிப்பி ஆத்துப்பக்கத்து ஆமை, நம்ம குளத்துல விட்டா அங்க இருக்கற நாட்டு ஆமைக்குத்தான் சோத்துல மண்ணு. கடைக்காரர் விட்டது சுத்த கதை, பெண் ஆமைன்னா ஒரு அடி வரைக்கும் போகும், 20, 30 வருஷம் உயிரோட இருக்கும்.

ஜன்னல் வெயில்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் விஷயமே. ஓட்டுக்கு வேண்டிய யூவி-பி கதிர் கண்ணாடிய தாண்டி வராது, சூடு மட்டும்தான் வரும், அந்தக் கதிர் இல்லாம வைட்டமின் டி கிடைக்காது, டி இல்லாம கால்சியம் ஒட்டாது, அதான் ஓடு அமுங்குது. தினம் காலைல மொட்டைமாடில ஒரு டப்புல கொஞ்சம் தண்ணி ஊத்தி, ஏறி உக்கார ஒரு செங்கல் போட்டு, பாதி டப்ப மூடி நிழல் பண்ணி அரைமணி நேரம் வைங்க, பக்கத்துலயே நில்லுங்க, காக்கா சும்மா இருக்காது. நிழல் இல்லேன்னா தண்ணி சூடாகி ஆமை வெந்துரும்.

கண்ணு வீங்கறது பெரும்பாலும் வைட்டமின் ஏ குறையறதால. கண்ணு தெரியாம ஆமை சாப்பிடாது, அதனால இந்த வாரமே கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க, நீங்களா சொட்டு மருந்து விடாதீங்க, வைட்டமின் ஏ ஊசியும் அளவு மிஞ்சினா தோலு உரிஞ்சுரும். தேறினதும் முள்ளோட முழு நெத்திலி, கேரட் துருவல், முருங்கைக்கீரைன்னு மாத்தி மாத்தி குடுங்க, எறா எப்பவாவது. கால்சியத்துக்கு, நாட்டு மருந்துக்கடைல கடல்நுரை (கணவா மீனோட ஓடு) கிடைக்கும், ஒரு துண்டு தண்ணில போட்டு வைங்க, கடிச்சுக்கும்.

தொட்டி? ஓடு ஒரு இன்ச்சுக்கு 40 லிட்டர்னு ஒரு கணக்கு உண்டு, ஆக நாலு இன்ச்சுக்கே 160 லிட்டர், கண்ணாடி வேணாம், பெரிய பிளாஸ்டிக் டப்பே போதும். தொட்டி தண்ணிய கிச்சன் சிங்க்ல மட்டும் கொட்டாதீங்க, பையன் தொட்டா சோப்பு போட்டு கழுவ சொல்லுங்க, ஆமைகிட்டேர்ந்து ஒட்டற சால்மொனெல்லா கிருமி பயத்துலதான் அமெரிக்காவுல 1975லயே 4 இன்ச்சுக்கு கம்மியான ஆமைய விக்கக்கூடாதுன்னுட்டாங்க.

கேள்வி: முயலும் கினி பிக்கும் ஒரே கூண்டு, ஒரே முயல் தீனி. முயல் ஜம்முனு இருக்கு, கினி பிக் மட்டும் நொண்டுது, ஏன்?
- வாசகர், கோவை

பதில்: முயல் உடம்பு வைட்டமின் சி-ய தானே பண்ணிக்கும், கினி பிக்கால முடியாது, நம்மள மாதிரிதான். முயல் தீனில சி இருக்காது, அந்தக் குறையாலதான் நொண்டுதோ என்னமோ. தினமும் ஒரு துண்டு குடமிளகாயோ கொய்யாவோ குடுங்க, காஞ்ச புல்லு எந்நேரமும் இருக்கணும், பல்லு வளந்துக்கிட்டே இருக்கும்ல. கூண்டையும் பிரிச்சுருங்க, நொண்டுறதுக்கு முயல் விட்ட உதையாவும் இருக்கலாம், டாக்டர் பாத்துட்டா தெரிஞ்சுரும்.