ஸ்டோமா பையோடு இருக்கும் அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று: எப்படித் தயாராவது?

அம்மாவுக்குச் சிறுகுடல் ஸ்டோமா, அதாவது இலியோஸ்டோமி (சிறுகுடலிலிருந்து மலம் பைக்குள் வெளியேற வயிற்றில் அமைத்த திறப்பு) இருக்கிறது, இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு எப்படித் தயாராவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கவலை கிருமித்தொற்றுதான். பையிலிருந்து கசிவது புது மூட்டை எட்டவே கூடாது. ஸ்டோமாவைச் சுற்றித் தோல் சிவந்து புண்ணாகியிருந்தால் இப்போதே ஸ்டோமா தாதியிடம் காட்டுங்கள். ஆறும்வரை அறுவையைத் தள்ளிப்போடவும் நேரலாம்.

பையைத் தோலோடு ஒட்டும் தகட்டின் துளை ஸ்டோமாவைவிட 2 மி.மீ. அளவுக்கு மட்டும் பெரிதாக இருக்கட்டும். அதிகம் விட்டால் மலம் தோலில் பட்டு அரிக்கும், தகடும் கழன்றுவிடும். அறுவைக்கு முந்தைய நாள் புதுத் தகடு ஒட்டுங்கள். அடியில் எண்ணெயோ கிரீமோ வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து அறுவை செய்வதுண்டு. ஸ்டோமா எந்தப் பக்கம் என்பதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், பை நசுங்கக் கூடாது.

மாத்திரை விஷயத்தில் கவனம் தேவை. மெதுவாகக் கரையும் வகை கரையாமலே பையில் வந்து விழலாம். மலமிளக்கி கொடுத்தால் உடல் நீர் வற்றிப்போகும், கேட்காமல் கொடுக்காதீர்கள்.

வீட்டில் உயரமான கழிவறை இருக்கை வேண்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே, உட்கார்ந்தபடி காலி செய்யப் பழக்குங்கள். கைப்பிடிக் கம்பிக்கு, சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஈஸ் (EASE) என்னும் மூத்தோருக்கான வீட்டு வசதித் திட்டத்தை இப்போதே விசாரியுங்கள்.