ஆறு ஃபேனையும் மாற்றத்தான் வேண்டுமா?

கல்முனையில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். ஆறு மாதத்துக்கு முன் கூட்டிய பிசி. முன்பக்கம் மூன்று ஃபேன், மேலே இரண்டு, பின்னால் ஒன்று. முன்பக்கத்தில் முதலாவது ஒழுங்காக எரிகிறது, இரண்டாவதில் வளையத்தின் பாதிதான் எரிகிறது, மூன்றாவது முழு இருட்டு. பின் ஃபேன் தன்பாட்டில் நிறம் மாறிக்கொண்டிருக்கிறது, சொஃப்ட்வெயார் சொல்வதைக் கேட்பதில்லை. மேல் இரண்டும் எந்நேரமும் முழு வேகத்தில் இரைகின்றன. பிசியை நிறுத்தினாலும் இரவு முழுக்க லைட் எரிகிறது. பார்த்தவர் ஆறு ஃபேனையும் மாற்றச் சொல்லிவிட்டார். மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பழுதானது ஒன்றே ஒன்று. அதையும் எறியத் தேவையில்லை.

நான் கடை வைத்திருப்பவன் இல்லை. கல்லடியில் இருந்துகொண்டு சொந்தக்காரருக்கும் கூட்டாளிமாருக்கும் பிசி கூட்டிக் கொடுக்கிறவன். முதல்முதல் வாங்கிய கண்ணாடிக் கேசிங்கை கொழும்பில் இருந்து உதயதேவி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்ணாடி தப்பியது. வீட்டுக்கு வந்த அன்றிரவே மூன்று ஃபேனின் லைட்டை என் கையாலேயே எரித்தேன். 5 வோல்ட் லைட் வயரை 12 வோல்ட் பின்னில் செருகிவிட்டேன். 'பொக்' என்று ஒரு வெளிச்சம், லேசாக ஒரு கருகல் வாசம், அவ்வளவுதான். ஆனால் மூன்று ஃபேனும் ஒன்றுமே நடக்காதது போல சுழன்றுகொண்டிருந்தன. அன்றைக்கு விளங்கிய விஷயத்தில் இருந்துதான் உங்களுக்கும் தொடங்க வேண்டும்: சுழல்வது வேறு, எரிவது வேறு. ஒரு சட்டத்துக்குள் இரண்டு சாமான். இப்படி லைட் உள்ள ஃபேனில் வழமையாக இரண்டு வயர் வெளியே வருவதும் அதனால்தான். ஒன்று மோட்டருக்கு, மற்றது லைட்டுக்கு. லைட் செத்தால் மோட்டர் சாகாது.

கேசிங்கைத் திறந்து லைட் வயரின் தலையைப் பாருங்கள். நாலு ஓட்டையும் வரிசையாக இருந்தால் அது பழைய ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் கலந்து நிறம் காட்டும் லைட்), 12 வோல்ட், ஃபேன் முழுவதும் ஒரே நிறத்தில்தான் எரியும். மூன்று ஓட்டையும் நடுவில் ஒரு அடைப்பும் இருந்தால் ஏஆர்ஜிபி, 5 வோல்ட், ஒவ்வொரு எல்ஈடியும் தனித்தனி நிறம் காட்டும். மதர்போட்டில் இந்த இரண்டுக்கும் கம்பனிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எம்எஸ்ஐ போட்டில் 5 வோல்ட் பின்னுக்கு ஜேரெயின்போ, 12 வோல்ட்டுக்கு ஜேஆர்ஜிபி. ஜிகாபைட்டில் டி-எல்ஈடி, எல்ஈடி-சி. போட்டிலேயே பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும், டோர்ச் பிடித்துப் பார்த்தால் தெரியும். அடைப்பு இருக்கும்போது எப்படி மாறிச் செருகினாய் என்று கேட்பீர்கள். இடையில் போட்ட மலிவு இணைப்பு வயரில் அடைப்பே இல்லை, நாலு ஓட்டையும் திறந்தபடி. இப்போதும் அப்படி வயர்கள் கடைகளில் கிடக்கின்றன, கவனம்.

இனி உங்கள் முன்பக்க மூன்று. பாதி வளையம் எரிகிறது என்று எழுதினீர்களே, எனக்கு அந்த ஒரு வரியே போதும்.

ஏஆர்ஜிபியில் ஒவ்வொரு எல்ஈடிக்குள்ளும் ஒரு சின்னஞ்சிறு சிப் இருக்கிறது. மாமாங்கத்துக் கோயில் அன்னதானத்தில் பந்தியில் இருந்திருப்பீர்கள். வாழையிலைக் கட்டை முதல் ஆளிடம் கொடுத்தால் அவர் மேலே கிடக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்தாளிடம் தள்ளுவார். அவரும் ஒன்றை எடுத்துக்கொண்டு தள்ளுவார். இதுவும் அதே வேலைதான். மதர்போட் செக்கனுக்கு 8 லட்சம் பிட் வேகத்தில் தரவை அனுப்புகிறது. முதல் எல்ஈடி தனக்குரிய முதல் 24 பிட்டை எடுத்துக்கொள்கிறது, பச்சை, சிவப்பு, நீலம் ஒவ்வொன்றுக்கும் 8. மிச்சத்தை அடுத்ததுக்குக் கடத்துகிறது. வரிசையில் ஒருவர் கட்டை வாங்கி வைத்துக்கொண்டு தூங்கிவிட்டால் அவருக்குப் பின்னால் இருக்கிற ஒருவருக்கும் இலை இல்லை. அவர்கள் எல்லோரும் நல்ல சுகத்தோடுதான் இருக்கிறார்கள், இலைதான் வரவில்லை.

உங்கள் இரண்டாவது ஃபேனில் அப்படி ஒருவர் தூங்குகிறார். எரிகிற கடைசி எல்ஈடியோ, எரியாத முதல் எல்ஈடியோ, இரண்டில் ஒன்று. அதற்குப் பின்னால் தொடுத்திருப்பதால் மூன்றாவது ஃபேன் இருட்டில் நிற்கிறது. மூன்றாவதில் பழுது இருக்க வாய்ப்புக் குறைவு.

சோதிப்பது சுலபம். பிசியை நிறுத்தி, சுவரில் பிளக்கைக் கழற்றுங்கள். இரண்டாவது ஃபேனின் லைட் வயரை வரிசையில் இருந்து எடுத்துவிட்டு, முதலாவதின் வால் வயரை நேரே மூன்றாவதுக்குக் கொடுங்கள். போட்டுப் பாருங்கள். மூன்றாவது எரிந்தால் முடிந்தது கதை. இரண்டாவதை எறியாதீர்கள், வரிசையின் கடைசியில் தொடுத்துவிடுங்கள். அவருக்குப் பின்னால் யாரும் இல்லையென்றால் அவர் தூங்கினால் என்ன? பாதி வளையம் கண்ணில் குத்துகிறதென்றால் பின் ஃபேன் இருக்கிற இடத்துக்கு அதை மாற்றிவிடலாம், சுவர்ப்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள்.

ஃபேன்கள் தொடுக்காமல், ஒரு வயர் மூன்றாகப் பிரிந்து போயிருந்தால் இந்தக் கணக்கு சரிவராது. அப்படிப் பிரிந்தால் மூன்றுக்கும் ஒரே தரவு ஒரே நேரத்தில் போகும், ஒன்று செத்தாலும் மற்றது எரியும். அப்படியிருந்தும் மூன்றாவது இருட்டென்றால் அதன் பிளக் கழன்றிருக்கும்.

மூன்றாவது எரியாவிட்டால் ஃபேனைக் குறைசொல்லுமுன் பின்னைப் பாருங்கள். இதை எனக்குப் படிப்பித்தது அக்காவின் மகன். அவன் பிசி கடல்பக்க யன்னலுக்குக் கீழே. போன மாரியில் ஒருநாள், "மழ பெஞ்சா லைட்டு துடிக்குது மாமா" என்றான். நான் சிரித்தேன். மறுகா போய்ப் பார்த்தால் உண்மை. இரண்டு வயரைச் சேர்க்கிற இடத்தில் ஊசி மாதிரி மூன்று பின் இருக்குமே, அதில் பச்சை பிடித்திருந்தது. கல்லடி ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, உப்புக்காற்றுக்கு முலாம் பூசிய பின்னெல்லாம் எம்மாத்திரம். கல்முனையும் கடற்கரைதானே. ஐசோப்ரோபைல் அல்கஹோலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, இறுக்கிச் செருகி, இணைப்பின் மேல் டேப் சுற்றினோம். இன்றைக்கும் எரிகிறது. வித்தியாசத்தை இப்படி ஞாபகம் வைக்கலாம்: ஆடாமல் அசையாமல் பாதியில் நிற்பது ஃபேனுக்குள் பழுது, துடிப்பதும் வயரைத் தொட்டால் மாறுவதும் இணைப்பில் பழுது.

வெள்ளை நிறம் வைத்தால் வரிசையின் கடைசியில் மட்டும் மஞ்சள் அடிக்கிறது என்றால் அது வேறு. கரண்ட் பற்றவில்லை. பெரும்பாலான போட்களில் 5 வோல்ட் பின்னுக்கு 3 அம்பியர்தான் எல்லை. எல்ஈடி ஒன்று முழு வெள்ளையில் 60 மில்லி அம்பியர் வரை இழுக்கலாம், அப்படிப் பார்த்தால் 50 எல்ஈடியோடு சரி. உங்கள் ஃபேனில் எத்தனை எல்ஈடி என்று எண்ணிப் பாருங்கள். கூடவென்றால் பவர் சப்ளையில் இருந்து சாட்டா என்கிற தட்டைப் பிளக் வயரில் கரண்ட் எடுத்து லைட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஹப் பெட்டி ஒன்று போட வேண்டும். ஹப் போட்டவர்கள் அந்தச் சாட்டா வயரைக் கொடுக்க மறந்துவிட்டு "ஒன்றுமே எரியுதில்ல" என்று எனக்குக் கோல் எடுப்பது வழமை.

பின் ஃபேன் பழுதே இல்லை. கேசிங்கோடு சும்மா வந்ததாக இருக்கும். அதில் மூன்று பின் லைட் வயர் இல்லாமல், பவர் சப்ளையின் தடித்த நாலு பின் பிளக்குக்குப் போகிற வயர் ஒன்றுதான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தன்பாட்டில் நிறம் மாறுவதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வேலை, மதர்போட்டோடு அதற்குத் தொடர்பே கிடையாது. எந்த சொஃப்ட்வெயாரைப் போட்டாலும் கேட்காது. நானென்றால் லைட் இல்லாத நல்ல ஃபேன் ஒன்றை அந்த இடத்தில் போடுவேன்.

மேல் இரண்டின் இரைச்சலுக்கு லைட்டோடு சம்பந்தம் இல்லை. மோட்டர் வயரில் மூன்று ஓட்டையா நாலா? மூன்று என்றால் வோல்ட்டைக் கூட்டிக் குறைத்துத்தான் வேகத்தை மாற்றலாம். நாலு என்றால் நாலாவது வயரில் வருகிற பிடபிள்யூஎம் சைகை வேகத்தைச் சொல்லும், 12 வோல்ட் மாறாமல் நிற்கும். மூன்று ஓட்டை ஃபேனைச் செருகிவிட்டு பயோஸில் (மதர்போட்டின் அமைப்புத் திரையில்) அந்த ஹெடரை, அதாவது ஃபேன் செருகிய பின் வரிசையை, பிடபிள்யூஎம்மில் விட்டால் ஃபேனுக்கு முழு 12 வோல்ட்டும் போகும், சைகையைக் கேட்க அதற்குக் காது இல்லை, முழு வேகத்தில் ஓடும். உங்களுக்கு நடப்பது அநேகமாக இதுதான். பயோஸுக்குள் போய் அந்த ஹெடரை டிசி என்று, அதாவது வோல்ட்டால் வேகம் மாற்றும் முறைக்கு, மாற்றுங்கள். அப்படியே வேகக் கோட்டையும் (பிசிக்குள் எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்று சொல்லும் கோடு) சரிசெய்யுங்கள், ஆனால் குளிர்நாட்டுக்காரர் யூடியூபில் காட்டுகிற கோட்டை அப்படியே போடாதீர்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நம் அறையே 32, 33 பாகையில் கிடக்கும். அவர்கள் கோட்டில் நம் ஃபேன் ஒரு நிமிடமும் ஓயாது. நான் 55 பாகை வரைக்கும் மெதுவாக ஓடவிட்டு அதற்குப் பிறகுதான் ஏற்றுவேன்.

சொஃப்ட்வெயார் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் வைத்திருங்கள். மதர்போட் கம்பனியின் ஒன்று, பல கம்பனி லைட்டுக்கும் பொதுவான ஓப்பன்ஆர்ஜிபி ஒன்று, விண்டோஸ் 11இல் இருக்கிற டைனமிக் லைட்டிங் ஒன்று என்று மூன்றும் சேர்ந்து இழுத்தால் லைட் பேய் பிடித்தது போல் ஆடும். சிவப்பைத் தெரிவு செய்தால் பச்சை வருகிறதென்றால் நிற ஒழுங்கை மாற்றுகிற இடம் அமைப்புக்குள் இருக்கும். கரண்ட் போய் வந்த பிறகு லைட் ஒரே நிறத்தில் உறைந்துபோனால், பிளக்கைக் கழற்றி பவர் பட்டனை அரை நிமிடம் அமத்திப் பிடித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

நிறுத்திய பிறகும் எரிவதற்குக் காரணம், பவர் சப்ளை தூக்கத்திலும் போட்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டிருப்பது. பயோஸில் ஈஆர்பி என்று கரண்ட் மிச்சப்படுத்துகிற அமைப்பு ஒன்று இருக்கும், அதை இயக்கினால் அநேகமான போட்களில் லைட் அணைந்துவிடும். ஆனால் அதோடு பிசி நிற்கும்போது யூஎஸ்பியில் போன் சார்ஜ் ஏறுவதும் நின்றுவிடும். மருமகனுக்கு அது ஒத்துவரவில்லை, இரண்டே நாளில் திரும்ப மாற்றிவிட்டான். இப்போது இரவு பத்து மணிக்கு அக்கா போய் சுவர் சுவிட்சை நிறுத்துகிறா.