கள்ளிக்கு வெயில் ஒண்ணும் பண்ணாதுன்னு யார் சொன்னா? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல ஒரு படம் போட்டிருந்தோம், அமெரிக்காவோட அரிசோனா மாநிலத்துல, ஃபீனிக்ஸ் நகரத்துல, 2023 கோடையில கை மாதிரி இருக்கிற கிளை ஒடிஞ்சு சரிஞ்சு கிடந்த சகுவாரோ கள்ளி. அதைப் பாத்துட்டு வந்த கேள்விங்க கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேத்து, இந்த வாரம் முழுக்க அதுக்கே.

கேள்வி: பாலைவனத்துலயே பொறந்து வளந்த செடி வெயில் தாங்காம விழுந்துச்சுன்னா நம்புற மாதிரியா இருக்கு?

பதில்: நியாயமான சந்தேகம்தான். ஆனா பகல் வெயிலுக்கெல்லாம் சகுவாரோ அசராதுங்க, அதுக்கு உயிர்நாடி ராத்திரிதான். மத்த செடிங்க பகல்ல தோல்ல இருக்கிற நுண்ணிய துளையைத் திறந்து வச்சு கார்பன் டை ஆக்சைடை இழுக்கும், பாலைவனத்துல அப்படிப் பண்ணா உள்ள இருக்கிற தண்ணி மொத்தமும் ஆவியா போயிரும், அதனால இது பகல் பூரா துளையை இறுக்கி மூடிக்கிட்டு நின்னு, பொழுது சாஞ்சு காத்து குளுந்தப்புறம்தான் திறக்கும், அப்ப இழுத்ததை அமிலமா மாத்தி சேத்து வச்சுக்கிட்டு மறுநாள் வெளிச்சம் வந்ததும் தனக்கு வேண்டிய சாப்பாட்டைத் தயார் பண்ணிக்கும். ராத்திரியும் கொதிச்சா என்ன பண்ணும்? திறந்தா தண்ணி போகும், திறக்கலைன்னா பட்டினி.

2023ல ஃபீனிக்ஸ்ல நடந்தது அதான். ஜூன் கடைசி நாள்ல ஆரம்பிச்சு ஜூலை கடைசி வரைக்கும் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவே இல்லை, நம்ம கணக்குல 43 டிகிரி செல்சியஸ். அதைவிட மோசம், நடுவுல 16 நாள் ராத்திரிகூட 90 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ இறங்கலை. பகல்ல குடிச்ச சூட்டை தாரும் கான்கிரீட்டும் ராத்திரி பூரா விட்டுக்கிட்டே இருக்கிற ஊரு, பருவமழையும் அந்த வருஷம் ஏமாத்திருச்சு. இன்னொண்ணு, பெரிய கள்ளி பட்ட அடியை உடனே காட்டாது, உள்ள பலவீனமாகி அழுக ஆரம்பிச்சிருந்தாலும் வெளியில பச்சையாத்தான் நிக்கும், திடீர்னு ஒரு நாள் கை விழும். அதனால விழுந்தது எல்லாத்துக்கும் அந்த ஒரு கோடை மேலயே பழியைப் போட முடியாது.

கேள்வி: தாகத்துல செத்துக்கிட்டிருக்கிறவன் கள்ளியை வெட்டி தண்ணி குடிக்கிறதா படத்துல எல்லாம் காட்டுறாங்களே, நிஜமா?

பதில்: தயவுசெஞ்சு யாரும் முயற்சி பண்ணாதீங்க! உள்ள குழாய்த் தண்ணி மாதிரி ஒண்ணும் தேங்கி நிக்கலை, இருக்கிறது சாறு ஊறின சதை, அமிலமும் ஆல்கலாய்டுங்கிற நச்சுப் பொருளும் கலந்தது, குடிச்சா வாந்தி எடுத்து உடம்புல இருக்கிற தண்ணியும் போயிரும்.

ஆனா அது தண்ணி சேக்குற விதம் இருக்கே, அது அருமை. உடம்பு பூரா மேலேர்ந்து கீழ வரைக்கும் மடிப்பு மடிப்பா இருக்கும், மழை பேஞ்சா ஹார்மோனியத் துருத்தி மாதிரி விரிஞ்சு உடம்பு பருத்துரும், வறட்சியில மடிப்பு சுருங்கி ஒட்டிக்கும். வேர் பெரும்பாலும் நாலஞ்சு அங்குல ஆழத்துலயே, செடி எவ்வளவு உயரமோ ஏறத்தாழ அவ்வளவு தூரம் சுத்திலும் பரவியிருக்கும், லேசான தூறல் விழுந்தாலும் மண்ணு காயறதுக்குள்ள உறிஞ்சிரணும் இல்லையா, ஒரு நல்ல மழையில 750 லிட்டர் வரைக்கும் இழுக்குமாம். முழுசா குடிச்ச பெரிய செடி டன் கணக்குல எடை வரும், அதைத் தாங்குறதுக்கு உள்ளுக்குள்ள வரிசையா மரக்கழி மாதிரி எலும்புக்கூடு இருக்கு.

கேள்வி: அதோட வயசை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? வெட்டி வளையம் எண்ணுவாங்களா?

பதில்: வளையமே கிடையாது. உயரத்தை வச்சு, அந்தந்த இடத்துல எவ்வளவு வேகமா வளருதுன்னு பாத்து உத்தேசமா சொல்றதுதான். வேகம்னு சொல்றதே தப்பு, முதல் எட்டு வருஷத்துல ஒண்ணு, ஒண்ணரை அங்குலம்தான் வளரும்! சகுவாரோ தேசியப் பூங்காவுல முதல் பூ பூக்க ஏறக்குறைய 35 வயசாகும், நீங்க படத்துல பாக்குற அந்தக் கை முளைக்கிறது 50லேர்ந்து 75 வயசுக்குள்ள, ரொம்ப வறண்ட இடம்னா 100கூட ஆகும். மொத்த ஆயுசு 150, நல்லா இருந்தா 200 வருஷம், உயரம் 40 அடியைத் தொடும்.

என்னைக் கேட்டா இந்த முழு கதையிலயும் கவனிக்க வேண்டிய இடம் அந்த முதல் சில வருஷம்தான். ஒரு பழத்துல சுமார் 2000 விதை, கறுப்பா குண்டூசித் தலை அளவு, ஆயுசுக்கும் கணக்கு போட்டா கோடிக்கணக்குல போடுது, அதுல பொழைச்சு பெருசாகுறது ஒண்ணோ ரெண்டோ. எறும்பு, எலி, பறவை எல்லாம் விதையைத் தின்னும், முளைச்சா வெயில் கருக்கும், குளிர்காலத்துல உறைபனி கொல்லும். பாலோ வெர்டே, மெஸ்கீட் மாதிரி ஏதாவது மரத்தடியில விழுந்த விதைக்குத்தான் வாய்ப்பு, நர்ஸ் மரம்னு சொல்லுவாங்க, பகல்ல நிழல், ராத்திரி கதகதப்பு, மேயுற மிருகத்துகிட்டேர்ந்து மறைவு. வேடிக்கை என்னன்னா, கள்ளி பெருசானப்புறம் அந்த மரத்தோட தண்ணியையே உறிஞ்சுரும், பாலைவனத்துல பல இடத்துல காய்ஞ்ச மரத்துக்கு நடுவுல ஒரு சகுவாரோ ஜம்முனு நிக்கிறதைப் பாக்கலாம்.

கேள்வி: உடம்பெல்லாம் ஓட்டையா இருக்கே, நோயா?

பதில்: இல்லை, வாடகையில்லா வீடு. கீலா மரங்கொத்தி கொத்தின பொந்து. கொத்தினதும் குடியேறாது, பல மாசம் காயவிடும், அதுக்குள்ள கள்ளி காயத்தைச் சுத்தி கெட்டியா ஒரு ஓடு கட்டிரும், தண்ணி கசியாது. மரங்கொத்தி காலி பண்ணினா, உலகத்துலயே சின்ன ஆந்தைன்னு சொல்ற எல்ஃப் ஆந்தை, குருவி அளவுதான் இருக்கும், அது வந்து உக்காந்துக்கும். செடி செத்து சதையெல்லாம் மக்கினாலும் அந்த ஓடு மட்டும் உளுத்துப் போகாம தரையில கிடக்கும், பாக்க பூட்ஸ் வடிவத்துல இருக்கிறதால சகுவாரோ பூட்ஸ்னே பேரு.

கேள்வி: பழம் சாப்பிடலாமா?

பதில்: தாராளமா, சிவப்பா இனிப்பா இருக்கும். வெள்ளைப் பூ ராத்திரி விரிஞ்சு மறுநாள் மத்தியானத்துக்குள்ள மூடிரும், அந்தக் கொஞ்ச நேரத்துல வௌவால், புறா, தேனீ எல்லாம் வந்து மகரந்தம் சேத்துட்டுப் போகணும். அங்கயே காலங்காலமா வாழுற டோஹோனோ ஓஓடம் மக்கள் கோடையில, மழைக்கு முன்னாடி, செத்த சகுவாரோவோட கழியையே நீட்டுக் குச்சியா கட்டி பழத்தைத் தட்டி எடுப்பாங்க. பாகு காய்ச்சுவாங்க, அதைப் புளிக்க வச்சு மழையை வேண்டி ஒரு சடங்கு உண்டு, அவங்களுக்கு வருஷப் பிறப்பே அப்பதான்.

கேள்வி: நம்ம சதுரக்கள்ளிக்கு இது சொந்தமா?

பதில்: ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கிள்ளினா பால் வருதே, அது வேற குடும்பம். சப்பாத்திக்கள்ளி வேணா தூரத்துச் சொந்தம்.

கேள்வி: வீட்டுக்கு ஒண்ணு பேத்து எடுத்துட்டு வந்தா?

பதில்: அனுமதி இல்லாம எடுத்தா அரிசோனாவுல வழக்கு. திருட்டுக்குப் பயந்து தேசியப் பூங்காவுல சில செடிக்குள்ள மைக்ரோசிப்பே வச்சிருக்காங்க. 1982ல ஒருத்தர் பொழுதுபோகாம ஒரு சகுவாரோவைத் துப்பாக்கியால சுட்டு விளையாடினாரு, கள்ளியோட கை முறிஞ்சு அவர் மேலயே விழுந்து ஆள் காலி.

கேள்வி: மொத்தமா அழிஞ்சிருமா?

பதில்: இதே பயம் 1940கள்லயும் வந்துச்சு. அரிசோனாவுல டூசான் நகரத்துப் பக்கத்துல பெரிய பெரிய செடியெல்லாம் அழுகி விழ, பாக்டீரியா நோய்னு முடிவு பண்ணி நூத்துக்கணக்குல வெட்டிப் புதைச்சாங்க. பின்னாடிதான் புரிஞ்சுது, 1937ல வந்த கடுமையான உறைபனி அடிச்ச அடி அது, பாக்டீரியா வந்தது செத்த சதையைத் தின்ன. கூடவே மாடு மேஞ்சு, விறகுக்கு நர்ஸ் மரத்தை வெட்டி, புதுசா ஒண்ணும் முளைக்க விடலை. 1979ல பூங்காவுல மேய்ச்சல் ஓஞ்சுது, குட்டிக் கள்ளிங்க திரும்ப வந்துச்சு. ஆனா 1990கள்லேர்ந்து இழுக்குற வறட்சியில மறுபடியும் குட்டி அபூர்வமாயிருச்சு, பெருசுங்க 100 வருஷம் நின்னா வெளிப்பார்வைக்கு எல்லாம் நல்லாத்தானே தெரியும்.

இதுல புது வில்லன் ஒரு புல்லு. மாட்டுத் தீவனத்துக்குன்னு கொண்டு போனது, அங்க பஃபெல் புல், நம்ம பக்கம் கொழுக்கட்டைப் புல்லுன்னு சொல்றோமே அதேதான். அந்தப் பாலைவனத்துல செடிக்குச் செடி வெறும் மண்ணு இருக்கும், தீ பிடிச்சாலும் பரவாது, இந்தப் புல்லு அந்த இடைவெளியை அடைச்சு காய்ஞ்சு நின்னா ஒரு பொறி போதும், சகுவாரோவுக்கு தீயைத் தாங்குற தோலெல்லாம் கிடையாது. டூசான் பக்கம் தன்னார்வலர்ங்க கடப்பாரையும் கையுமா மலைச்சரிவுல ஏறி வேரோட பிடுங்கிக்கிட்டிருக்காங்க. மருந்து அடிக்கணும்னா புல்லு பச்சையா இருக்கணும், அது மழைக்கு அப்புறம் சில வாரம்தான், மழை வராத வருஷம் மருந்தும் அடிக்க வழியில்லாம கடப்பாரைதான் கதி.