கேள்வி – பதில்: அளவுக்கு மிஞ்சிய நோவுக் குளிசையும் ஈரலும்

கேள்வி: எனக்கு வயது 43. வயல் செய்கிறேன். 2009இல் நாரியில் செல் துண்டு பட்ட காயத்தின் நோவு மாரி காலத்தில் தாங்க முடியாததாகிவிடும். பரசிற்றமோலும் கொடீனும் சேர்ந்த குளிசையை, நாளொன்றுக்கு ஆறுக்கு மேற்படாமல் எடுக்கும்படி வைத்தியர் எழுதித் தந்தார். நானோ பழைய துண்டைக் காட்டி வெவ்வேறு பார்மசிகளில் வாங்கி, கடந்த மாரி முழுவதும் பத்து, பன்னிரண்டு என்று விழுங்கினேன். கிழமையில் ஓரிரு நாள் கசிப்பும் குடிப்பேன். குளிசையை விட்டு மூன்று மாதமாகிறது. இப்போது சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகிறது. வலது விலாவுக்குக் கீழே குத்துகிறது. தனியார் ஆய்வுகூடத்தில் எடுத்த எஸ்.ஜி.பி.ரி. என்னும் ஈரற் சோதனையின் அளவு 68. ஈரல் நிரந்தரமாகப் பழுதாகிவிட்டதா? இதை மனைவியிடமும் சொல்லவில்லை.
– வாசகர், கண்டாவளை

பதில்: நீங்கள் எழுதியிருப்பவற்றை வைத்துப் பார்த்தால், குளிசையால் ஈரல் நிரந்தரமாகப் பழுதாகியிருக்கும் என்று எண்ணக் காரணம் தெரியவில்லை. ஆயினும் அந்த 68 எங்கிருந்து வருகிறது என்று கண்டறியாமல் விடவும் கூடாது.

ஒரு குளிசையில் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் இருக்குமானால், பன்னிரண்டில் 6 கிராம் இருக்கும். ஆரோக்கியமான வளர்ந்தவருக்கே நாளொன்றுக்கு 4 கிராமுக்கு மேல் ஆகாது. மெலிந்தவருக்கும் குடிப்பவருக்கும் அதனிலும் குறைவு. உட்கொள்ளும் மருந்தின் பெரும்பகுதியை ஈரல் தீங்கற்றதாக மாற்றி வெளியேற்றிவிடும். ஒரு சிறு பங்கு மட்டும் நஞ்சாக மாறும். அந்த நஞ்சை முறிக்கும் குளுட்டதயோன் என்னும் பொருள், சாப்பாட்டைத் தவறவிட்டுக் குடிப்பவரின் ஈரலில் விரைவில் குறைந்துபோக, ஈரற்கலங்கள் மடியத் தொடங்கும். ஆனால் எஞ்சிய கலங்கள் பெருகி அந்த இடத்தை நிரப்பக்கூடியவை என்பதால், பரசிற்றமோலால் கடுமையாகப் பாதிக்கப்பட்டுத் தப்பியவர்களிற் கூடப் பெரும்பாலானோருக்கு ஈரல் தழும்பின்றி மீண்டுவிடுகிறது. ஈரல் இறுகிச் சுருங்கும் சிரோசிஸ் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் ஓயாமல் தொடரும் பாதிப்பினால், அதாவது மதுவினால், ஹெப்பட்டைட்டிஸ் பி, சி கிருமிகளினால், ஈரலிற் படியும் கொழுப்பினால் வருவது.

குளிசை நின்றபின் எஸ்.ஜி.பி.ரி. சில கிழமைகளுக்குள் இறங்கிவிடும் என்பதால், மூன்று மாதம் கழித்தும் 68 நிற்பதைக் குளிசையின் தலையில் கட்டுவது கடினம். உள்ளதைச் சொல்வதானால், எனது கவலை நீங்கள் விட்டுவிட்ட குளிசையைப் பற்றியதல்ல, இன்னும் விடாத கசிப்பைப் பற்றியது.

எஸ்.ஜி.பி.ரி. கலங்கள் காயப்படுவதைக் காட்டுமே தவிர, ஈரலின் வேலைத்திறனைக் காட்டாது. அதை அறிய பிலிரூபின், அல்புமின், இரத்தம் உறையும் நேரத்தைச் சொல்லும் ஐ.என்.ஆர். ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் வைத்தியரைச் சந்தித்து, இவற்றுடன் ஹெப்பட்டைட்டிஸ் பி, சி சோதனைகளையும் வயிற்று ஸ்கானையும் பற்றிக் கேளுங்கள். வவுனியா உள்ளிட்ட வறண்ட வலயத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் காணப்படுவதால், நோவு மருந்துகளை நெடுநாள் எடுத்தவர் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாற்றினின் சோதனையையும் செய்வது நல்லது. வெயிலில் நின்று வேலை செய்பவருக்குத் தண்ணீர் போதாமலும் சிறுநீர் மஞ்சளாகும். கண்ணின் வெள்ளை மஞ்சளாகி, சிறுநீர் தேயிலைச் சாயம்போலாகி, மலம் வெளிறினால் மட்டும் அன்றே போக வேண்டும். செங்கமாரிக்கு வேர் குடித்துக் காத்திருக்க வேண்டாம்.

வைத்தியரிடம் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். கொடீன் உடலைப் பழக்கப்படுத்தி மேலும் மேலும் கேட்க வைக்கும் மருந்து. பன்னிரண்டு வரை போனதற்கு நோவோடு அதுவும் காரணமாயிருக்கலாம். அது தெரிந்தாற்றான் அடுத்த மாரிக்கு வேறு மருந்தையோ இயன்மருத்துவத்தையோ அவரால் ஒழுங்குசெய்ய முடியும். மனைவிக்குச் சொல்வது உங்கள் விருப்பம். ஆனால் குளிசைப் பெட்டியை வைத்திருந்து அளந்து தர வீட்டில் ஒருவர் இருப்பது பெரிய உதவி.

இதைப் படிக்கும் வேறெவராவது இன்றோ நேற்றோ அளவுக்கு மிஞ்சி விழுங்கியிருந்தால், சுகமாக இருப்பதாகத் தோன்றினாலும் பொறுத்திருக்கக் கூடாது. முதல் நாளில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஈரற் பாதிப்பு இரண்டாம், மூன்றாம் நாளிலேயே வெளிப்படும். மாற்று மருந்தான அசற்றைல்சிஸ்டீன் முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் மிக நன்றாக வேலை செய்யும், தாமதித்தாலும் பயனுண்டு. 1990 அம்புலன்ஸை அழையுங்கள். வெற்று அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

உங்களைப் பொறுத்தவரை, கசிப்பை அறவே நிறுத்தி ஆறு முதல் எட்டுக் கிழமைக்குப் பின், அதே ஆய்வுகூடத்தில் எஸ்.ஜி.பி.ரி.யை மீண்டும் எடுங்கள். அது 40 அளவுக்கு இறங்கி, ஐ.என்.ஆரும் ஸ்கானும் சரியாக இருந்தால், ஈரலுக்கென்று வேறு மருந்து எதுவும் தேவைப்படாது. இறங்காவிட்டால் அந்த இரண்டு அறிக்கைகளையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் திரும்பப் போங்கள்.